அத்தை பாத்தது கிளாஸ, நான் பாத்தது கறிய

பாப்பா,

நல்லாருக்கியாத்தா. நேத்து நீ ஸ்டேட்டஸ்ல போட்ட போட்டோ, பர்கரும் பக்கத்துல பீர் கிளாஸும் இருந்துச்சே அது, காலைல பாத்தா காணோம், எடுத்துட்ட போல. திருமங்கலத்து அத்தை போன் பண்ணிருப்பா, தெரியும், உனக்குப் பண்றதுக்கு முன்னாடி எங்களுக்குத்தான் பண்ணுனா, புள்ள இங்கிலாந்துல லீட்ஸுல பார்ல உக்காந்து குடிக்குது நீங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்கன்னு ஒரே சத்தம். போன வச்சதுல இருந்து உங்கம்மா அடுப்படில பாத்திரத்தப் போட்டு உருட்டிக்கிட்டே இருந்தா. நான் ஒண்ணும் பேசல. அந்த போட்டோவ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சு பெருசு பண்ணிப் பண்ணி பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு கவலையே வேற. ஒரு கடி கடிச்சுட்டு போட்டோ எடுத்திருக்க, கறி நடுவுல ரோஸ் கலர்ல இருக்கு.

கிளாஸ் விசயத்த மொதல்ல முடிச்சிருவோம். அது அரை பைண்ட்டு, அப்படின்னா 284 மில்லி. இங்க டாஸ்மாக்ல ஒரு பீர் பாட்டிலு 650 மில்லி, அதுல பாதி கூட வரல. நாள் பூரா ஆஸ்பத்திரி வார்டுல நின்னுட்டு வந்த புள்ள அதக் குடிச்சா குடிச்சுட்டுப் போகுது. இத உங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன், பதில் வரல, அதனால பாதி ஒத்துக்கிட்டான்னு அர்த்தம்.

அத்தையச் சொல்லியும் குத்தமில்ல. 2003ல அரசாங்கமே சில்லறை விற்பனைய எடுத்ததுல இருந்து இங்க குடின்னா டாஸ்மாக்தான், கம்பிக்குப் பின்னாடி இருந்து பாட்டில நீட்டுறான், பக்கத்துல பாருன்னு ஒரு கொட்டாய், பிளாஸ்டிக் சேரு, அவிச்ச முட்ட, சுண்டல், தரை பூரா தண்ணி பாக்கெட்டு. பொம்பளைங்க அந்தத் தெருவுல நடக்கவே சுத்திப் போவாங்க. அதையே மனசுல வச்சுக்கிட்டு உன் போட்டோவப் பாத்தா அவளுக்கு எப்படி இருக்கும். உங்கம்மாவே அங்க வந்தப்ப உன் வீட்டு முக்குல இருக்குற பப்பு, அதான் நீ பர்கர் சாப்ட்ட இடம், அது வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள வரமாட்டேன்னுதான சொன்னா. அப்புறம் பாத்தா உள்ள ஒரு பாட்டி பேப்பர விரிச்சு வச்சு குறுக்கெழுத்து போட்டுக்கிட்டு இருக்கு, கைக்குழந்தைக்கு உயர சேரு போட்டு உக்கார வச்சிருக்காங்க, டேபிளுக்கு அடில நாய் தூங்குது. டேபிளுக்கு ஆள் வர்றதில்ல, நாமதான் கவுன்டர்ல போய் டேபிள் நம்பரச் சொல்லி காசக் கட்டணும். உங்கம்மா அந்த மீன் வறுவலக் கூட பாதிலயே விட்டுட்டா, ஆனா பச்சப் பட்டாணிய மசிச்சு வப்பாங்களே அத மட்டும் இன்னொரு தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டா. அத இன்னமும் இங்க பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியிறா.

சரி கறிக்கு வருவோம். அது ஆடா மாடான்னு நான் கேக்க மாட்டேன், வெந்துச்சா வேகலயான்னுதான் கேப்பேன். அம்புட்டு வருசம் மதுரை செல்லூர்ல தோசைக்கல்லுக்கு முன்னாடி நின்னவன் நான், கறி தோசைக்கு கொத்துக்கறி பரப்புனதும் கோலா உருண்டை உருட்டுனதும் இந்தக் கைதான். முழுத் துண்டா இருக்குற ஆட்டுக்கறி மாட்டுக்கறில கிருமி இருந்தா மேலாப்புலதான் இருக்கும், ரெண்டு பக்கமும் நல்லா வாட்டுனா செத்துரும், உள்ள கொஞ்சம் சிவப்பா இருந்தாலும் பெரிய மோசம் இல்ல. அதையே கட்டைல வச்சு கொத்துனா, இல்ல மிஷின்ல அரைச்சா, மேல இருந்தது பூராம் உள்ள போயிருது. அதனால கொத்துக்கறிய நடு வரைக்கும் வேக வச்சே ஆகணும். நாங்க கோலா உருண்டைய எலுமிச்சங்கா அளவுக்கு மேல உருட்டாததுக்கு காரணமே அதுதான், பெருசா உருட்டுனா மேல கருகிரும் உள்ள பச்சையா நிக்கும். உன் பர்கர் முக்கால் இஞ்சுக்கு குறையாம இருக்கு, பொட்டுக்கடலை இல்ல வெங்காயம் இல்ல, வெறும் கறியும் கொழுப்பும்.

நீ நர்ஸு, ஈ கோலைங்கிற கிருமி பத்தி நான் உனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்ல, கிட்னி வரைக்கும் இழுத்துட்டுப் போகும்னு நீயே சொல்லிருக்க. உங்கண்ணன் போன்ல தேடிப் படிச்சுக் காட்டுனான், உங்க ஊர் உணவுத்துறையே நடுக்கறி 70 டிகிரில 2 நிமிசம் நிக்கணும்னு சொல்லுதாம். சில கடைக தெரிஞ்சே உள்ள சிவப்பா குடுக்குமாம், ஆனா அதுக்குன்னு அனுமதி உள்ள இடத்துல கறி வாங்கணும், கவுன்சிலுக்குச் சொல்லணும், மெனுவுல எச்சரிக்கை போடணும். உங்க முக்குக் கடை மெனுவுல அப்படி ஏதாச்சும் எழுதிருக்கான்னு பாரு. இல்லேன்னா அது ஸ்டைலு இல்ல, அவசரம். கூட்ட நேரத்துல நானும் பாத்திருக்கேன், கரண்டிய வச்சு கறிய அமுக்குவானுக, சீக்கிரம் வெந்த மாதிரி சத்தம் வரும், ஆனா சாறு பூராம் கல்லுல போயிரும், கடைசில வறண்டும் போயிரும். நாங்க வந்தப்ப அங்க கல்லுல நின்ன பையன் அமுக்கல, பன்னையும் வெண்ணெய்ல வாட்டித்தான் வச்சான், நான் எட்டிப் பாத்தேன். இப்ப ஆள் மாறிட்டானோ என்னமோ.

அதனால கடைக்குப் போறத நிறுத்திராத. வேல முடிஞ்சு அந்த ரூம்ல தனியா மைக்ரோவேவ்ல சூடு பண்ணித் திங்கிறதுக்கு, நாலு சனம் இருக்குற இடத்துல உக்காந்து சாப்புடுறது எவ்வளவோ தேவல. கவுன்டர்ல இருக்குற அம்மா உன் பேரச் சொல்லித்தான கூப்புட்டுச்சு. அதுகிட்டயே சொல்லு, நல்லா வேக வைக்கச் சொல்லி. 15 பவுண்டு வாங்குறான்ல, நம்ம ஊர் காசுக்கு ஆயிரத்தி ஐநூறுக்கு மேல, அதுக்கு இன்னும் ரெண்டு நிமிசம் கல்லுல கெடந்தா ஒண்ணும் ஆகாது.

ஸ்டேட்டஸ மறுபடி போடு. அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், அவ மகன் கல்யாணத்துல நடந்த கூத்த எடுத்து விட்டேன்னா ஒரு மாசத்துக்கு போனே வராது.

அப்புறம் ஒண்ணு. கலர மட்டும் பாத்து வெந்துச்சுன்னு சொல்லிற முடியாதாம், சில கறி வேகுறதுக்கு முன்னாடியே பழுப்பா ஆயிருமாம், உங்கண்ணன்தான் இதையும் படிச்சான். இது எனக்கு கொஞ்சம் உறுத்தலாவே இருக்கு, ஏன்னா நான் காலம் பூரா கண்ணால பாத்துத்தான் எடுத்தேன். கறில குத்திப் பாக்குற தெர்மாமீட்டர் அங்க கடைல கெடைக்குமாம்ல. அடுத்து வர்றப்ப எனக்கு சாக்லேட்டும் வேணாம் ஸ்வெட்டரும் வேணாம், அது ஒண்ணு வாங்கிட்டு வா, கோலா உருண்டைல குத்திப் பாக்கணும்.

அப்பா