கெட்டிப்பட்ட சிமெண்டுக்கு ஆசிட் முதல் வழி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுசிறு பூச்சு வேலைகளை ஆள் வைக்காமல் தாமே செய்துகொள்ளும் வழக்கம் வீடுகளில் பெருகி வருகிறது. அது வரவேற்கத் தக்கதே. ஆனால், வேலையின்போது தரையிலும் குழாயிலும் ஜன்னலிலும் சிந்தி இறுகிய சிமெண்டை எப்படி எடுப்பது என்று கேட்டால், ஆசிட் ஊற்றித் தேய்த்தால் போய்விடும் என்ற ஒரே பதிலைத்தான் வீட்டுக் குறிப்புகளிலும் கடைகளிலும் சொல்கிறார்கள். கட்டட வேலை மேற்பார்வையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், இந்த யோசனை கறையைவிட அதிகச் சேதத்தை உண்டாக்குவதைப் பலமுறை பார்த்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

சிமெண்ட் ஈரம் உலர்வதால் இறுகுவதில்லை. தண்ணீருடன் வேதிவினை புரிந்து இறுகுகிறது. தண்ணீருக்கு அடியிலும் அது கெட்டிப்படுவது இதனால்தான். சாதாரண சிமெண்ட் பிடிக்கத் தொடங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஈரத்துணி ஒன்றே போதும். அடுத்த சில மணி நேரத்தில் பிடித்துவிட்டாலும், முதல் நாளில் அது இன்னும் பலவீனமாகவே இருக்கும். அதன் வலிமையை 28 நாள் கணக்கில் அளப்பது கட்டடத் துறையின் வழக்கம். எனவே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் வேலை கடினமாகிறது.

இறுகிய பின் முதலில் பார்க்க வேண்டியது, சிமெண்ட் எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்பதைத்தான். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். சிமெண்டைக் கரைக்கும் அமிலம் பளிங்கையும் அரிக்கும். மொசைக் தரையில் பளிங்குச் சில்லும் சிமெண்டும் கலந்திருப்பதால் அங்கும் இதே கதிதான். வினிகர் மென்மையானது என்று நினைத்துப் பளிங்கில் தடவுகிறவர்கள் உண்டு. அதுவும் மெருகைப் போக்கிவிடும். டைல்ஸின் பளபளப்பு ஓரளவு தாங்கினாலும், இடையிலுள்ள ஜாயின்ட் பூச்சு பெரும்பாலும் சிமெண்ட்தான் என்பதை மறந்துவிடுகிறோம். கடைகளில் ஆசிட் என்று பொதுவாக விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் எவர்சில்வரில் புள்ளிபுள்ளியாகக் குழி விழச் செய்யும். மூடிய குளியலறையில் அதன் ஆவி பட்டாலே குழாய்களின் முலாம் மங்கும். அலுமினியச் சட்டத்துக்கு ஆசிட் மட்டுமல்ல, ஈரச் சிமெண்டின் காரமே பகை. ஒரு துளி நாள்கணக்கில் கிடந்தால், எடுத்த பின்னும் அந்த இடம் வெளுத்தே நிற்கும். ஆகவே சட்டத்தையும் கண்ணாடியையும் வேலைக்கு முன்பே மூடிவைப்பதுதான் வழி.

ஆசிட் இல்லாமல் எடுப்பதற்குப் பொறுமைதான் முக்கியம். கலவையிலுள்ள மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவையில் அதன் கடினம் 7, கண்ணாடியின் கடினமோ சுமார் 5.5. அதனால் கீறலை உண்டாக்குவது பெரும்பாலும் பிளேடு அல்ல, அதன் அடியில் சிக்கி இழுபடும் மணல்தான். கறையின்மேல் ஈரத்துணியைச் சற்று நேரம் போட்டுவைத்து, பட்டித் தகட்டைத் தரையோடு ஏறத்தாழப் படுக்கையாகச் சாய்த்து, துளியின் விளிம்பிலிருந்து மெல்லத் தள்ள வேண்டும். கரகரவென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி, உதிர்ந்த தூளைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே தொடர வேண்டும். தடித்த கட்டியாக இருந்தால் சிறிய உளியைப் பக்கவாட்டில் வைத்து மெதுவாகத் தட்டலாம். மேலிருந்து அடித்தால் கட்டி பெயர்வதற்கு முன் டைல்ஸ் வெடித்துவிடும். உலர்ந்த நிலையில் இயந்திரத்தால் தேய்க்கவே கூடாது. அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா, அதாவது மணலின் நுண்தூள், நுரையீரலுக்குக் கேடு.

இவ்வளவுக்குப் பிறகும் மெருகிட்ட டைல்ஸில் வெள்ளைப் படலம் எஞ்சினால் மட்டுமே அமிலத்தை நினைக்கலாம். அப்போதும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைவிட மென்மையான சல்ஃபாமிக் அமிலம் கலந்த நீர்த்த திரவம் போதும். ஜாயின்ட்களை முன்னதாகத் தண்ணீரில் ஊறவிட்டால் அவை அமிலத்தை உறிஞ்சுவது குறையும். நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஈரச் சிமெண்டும் சாதுவானதல்ல. 7 நடுநிலையாக உள்ள பி.எச். அளவையில் அதன் காரத்தன்மை 12-க்கு மேல். தோலில் பட்டவுடன் வலிக்காது என்பதால் நனைந்த உடையோடு வேலையைத் தொடர்ந்து, புண்ணான பின் உணர்பவர்கள் ஏராளம். கண்ணில் தெறித்தால் 20 நிமிடமாவது சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, பின் மருத்துவரிடம் போய்விட வேண்டும். வாளி கழுவிய நீரைக் கழிவுக் குழாயில் ஊற்றினால் அது உள்ளே படிந்து இறுகும்; அதை எடுக்கக் குழாயையே வெட்ட வேண்டியிருக்கும்.

வீட்டுக் குறிப்புகள் வெளியிடும்போது, எந்தப் பரப்புக்கு எது பொருந்தும், எது ஆகாது என்பதையும் சேர்த்தே வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆசிட் விற்பவர்களும், எந்தத் தரைக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பாட்டிலைக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்