சினையாட்டின் கடைசி ஆறு வாரம்: கால்நடை முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஊர்தோறும் ஆடுகளுக்கு முகாம் நடத்தும் கால்நடை மருத்துவர்களுக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

மூலனூர்ப் பக்கம் ஆறு ஏக்கர் கொறங்காட்டை, அதாவது உயிர்வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தை, நம்பி மேச்சேரி இனத்துச் செம்மறிகள் 22 வளர்க்கும் குடும்பம் எங்களுடையது. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் இருக்கும்வரை சினையாட்டுக்கென்று தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை என்றே என் மாமனார் காலத்திலிருந்து நினைத்து வந்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழையில், அந்த நினைப்பு தவறென்று ஓர் ஆட்டை இழந்து தெரிந்துகொண்டேன்.

இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் மந்தையைப் பட்டியிலேயே அடைத்து, கையிலிருந்த சோளத்தட்டை மட்டும் போட்டோம். மூன்றாம் நாள் நிறைசினையாக இருந்த ஓர் ஆடு மற்றவற்றோடு சேராமல் ஒதுங்கி நின்றது. தீனியைத் தொடாமல் பல்லைக் கடித்தது. கண் தெரியாததுபோலப் படலில் போய் முட்டியது. அதன் மூச்சில் கனிந்த பழத்தைப் போன்ற ஒரு வாடை இருந்தது. பூச்சி ஏதோ தீண்டிவிட்டது என்று நினைத்து மந்திரிக்கவும் செய்தோம். ஐந்தாம் நாள் விடியலில் அது இறந்தது. மேச்சேரி ஆடு பெரும்பாலும் ஒற்றைக்குட்டிதான் ஈனும் என்பதால், அதன் வயிற்றில் இரண்டு குட்டிகள் இருக்கும் என்று நாங்கள் யாரும் எண்ணியிருக்கவில்லை.

பின்னர் ஒரு மருத்துவர் பொறுமையாக விளக்கியபோதுதான் நடந்தது புரிந்தது. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். அதில் கடைசி 6 வாரத்தில்தான் குட்டி தன் பிறப்பு எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் வளர்கிறது. குட்டி பெருக்கப் பெருக்கக் கருப்பை இரைப்பையை நெருக்குவதால், தாய்க்குத் தேவை கூடும் அந்த நேரத்தில்தான் அது தின்னும் அளவும் குறைகிறது. இந்த நிலையில் ஓரிரு நாள் சரியான தீனி இல்லாமல் போனாலும், இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து, உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து, அதிலிருந்து உண்டாகும் நச்சுப்பொருள்கள் மூளையைத் தாக்குகின்றன. அந்தப் பழவாடை அதன் அடையாளம். ஒதுங்கி நின்ற முதல் நாளே கண்டுகொண்டு மருத்துவம் பார்த்திருந்தால் பிழைத்திருக்க வழி உண்டு. அது படுத்தபின் செய்வதற்கு அதிகம் இல்லை.

இப்போதெல்லாம் நிறைசினை ஆடுகளைத் தனித் தடுப்பில் விட்டு, மேய்ச்சலுக்கு மேல், மக்காச்சோளக் குருணையும் கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து ஆடு ஒன்றுக்கு நாளுக்கு 200 முதல் 250 கிராம் வைக்கிறேன். ஒரேயடியாக வைத்தால் வயிறு கெடும் என்பதால் சிறிது சிறிதாகக் கூட்டுகிறேன். மழைக்காலத்துக்கென்று வெள்வேலங்காயைக் காயவைத்து மூட்டையாகக் கட்டியும் வைக்கிறேன்.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான்: முகாமில் எத்தனை ஆடு என்று எழுதும் பதிவேட்டில், எது எத்தனை மாதச் சினை என்பதற்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். குடற்புழு நீக்க மருந்துகளில் அல்பென்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுத்தால் கருவுக்குக் கேடு என்பது உங்களுக்குத் தெரியும்; கடையில் கேட்டு வாங்கி வந்து எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவாக ஊற்றும் எங்களில் பலருக்குத் தெரியாது. குடலில் நச்சு உண்டாகி ஆடு திடீரென இறக்கும் துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியை ஈனுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்னதாகப் போட்டால் அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போய்ச் சேரும். தாயின் வயிற்றில் இருக்கும்போது அது குட்டிக்குக் கிடைப்பதில்லை என்பதால், ஈன்ற முதல் ஒரு மணி நேரத்திலேயே சீம்பால் ஊட்ட வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லி அனுப்பலாம். ஆண்டுக்கு ஒரு தேதியை வைத்துக்கொண்டு எல்லா ஆட்டுக்கும் ஒன்றாகப் போடும்போது, ஊசி சரியாக இருந்தும் காலம் தவறிவிடுகிறது.

கிடாய் ஆண்டு முழுக்க மந்தையோடு திரியும் எங்கள் ஊர்களில் சினைக்கணக்கை யார் வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் கிடாயின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசுகிறேன். அது ஏறிய பெட்டையின் முதுகில் காவி ஒட்டும், அன்றைய தேதியைக் குறித்துக்கொள்வேன். செம்மறிக்கு ஏறத்தாழ 17 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும் என்பதால், அடுத்த சுற்றுக்குள் காவிக்குப் பதில் நீலம் பூசுகிறேன். நீலம் ஒட்டாத ஆடு பெரும்பாலும் சினை பிடித்திருக்கும். செலவென்று சொல்ல ஒன்றுமில்லாத இந்த முறையை நீங்கள் முகாமில் ஒருமுறை செய்து காட்டினால் ஊரே கற்றுக்கொள்ளும்.

இன்னும் ஒன்று. எங்கள் பக்கம் ஆண்கள் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விடுகிறார்கள். ஆட்டைப் பார்ப்பது பெண்கள். ஆகவே ஒதுங்கி நிற்கும் சினையாட்டை எப்படி இனங்காண்பது, சினை கலைந்து விழுந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் ஏன் வெறுங்கையால் தொடக்கூடாது என்ற விளக்கங்களை, ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன் காலையிலேயே, பெண்களைக் கூட்டிவைத்துச் சொல்லுங்கள். நிறைசினை ஆடுகளைக் குறுகலான வாசலில் மற்றவற்றோடு நெருக்கியடித்து ஓட்டாமல், கடைசியாகத் தனியே விட ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்த முகாமுக்கு எங்கள் தெருவிலுள்ள நான்கு குடும்பங்கள் ஆடுகளோடு சினைத்தேதி எழுதிய நோட்டையும் கொண்டுவருகிறோம். அதைப் பார்த்து ஊசியையும் மருந்தையும் தீர்மானிக்க உங்களுக்கு நேரம் கூடுதலாகும், நாங்கள் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மூலனூர் வட்டாரத்தில் செம்மறி வளர்க்கும் ஒரு பெண்