மூன்றாம் மாதம் எங்களைக் கூப்பிட்டுப் பாருங்கள்: மூட்டு மாற்று மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மூட்டு மாற்று அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும், அந்த ஆபரேஷன் நடக்கும் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

போன வாரம் மதுரையில் ஓர் இளம் மருத்துவர் என் வலது முட்டியை மடக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, மூணு மாசத்துக்குள்ள வந்திருந்தீங்கன்னா மயக்கம் கொடுத்து மடக்கி விட்டிருக்கலாம். இப்போ உள்ளே தழும்பு இறுகிடுச்சு" என்றார். எனக்கு ஆபரேஷன் ஆகி எட்டாவது மாதம் நடக்கிறது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. இத்தனை மாதத்தில் உள்ளதை உள்ளபடி சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ஆனால் அந்த மூன்றாவது மாதத்தில் நான் வாய்மூடி இருக்கவில்லை. ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு (அது வேறு இடம், பெயர் வேண்டாம்) போன் செய்தேன். முட்டி மடங்க மாட்டேன் என்கிறது, ராத்திரி திரும்பிப் படுக்க முடியவில்லை என்று சொன்னேன். போனை எடுத்த பெண், "உங்களுக்கு ஆறாவது மாசம்தான் ரிவியூ போட்டிருக்கு, அதுவரைக்கும் எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று வைத்துவிட்டார். அவர் சீட்டில் இருந்ததைப் படித்தார். அந்தச் சீட்டில் ஆறாவது மாதம் என்று எழுதியது யார், எதை வைத்து எழுதினார் என்பதுதான் என் கேள்வி.

அதனால் கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். முட்டி மாற்றிய ஒவ்வொருவரையும் மூன்று மாதம் முடிவதற்குள் நீங்களே ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து எழுதுங்கள். வலிக்கிறது என்று சொன்னால் ஏன் என்று தேடுங்கள். இவ்வளவுதான்.

நான் மேலூர்ப் பக்கம் தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள். முட்டித் தேய்மானம் என்றால் என்ன, எதற்காக ஆபரேஷன், எவ்வளவு செலவு என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஆபரேஷனால் எழுந்து நடமாடுகிறவர்கள் நிறையப் பேர் என்பதும் எனக்குத் தெரியும். என் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நானும் வந்தேன். ஆபரேஷன் தப்பு என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆபரேஷன் முடிந்து வலியோடு மிஞ்சுகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் ஃபைலைப் பாருங்கள். வைத்த மூட்டின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, அதில் எண் இருக்கிறது, அளவு இருக்கிறது. பஞ்சு எத்தனை, கையுறை எத்தனை ஜோடி என்று பில்லில் இருக்கிறது. தையல் பிரித்த தேதி இருக்கிறது. என் முட்டி எவ்வளவு மடங்கியது என்று ஒரு பக்கத்திலும் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு, வீட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு, ஆறாவது வாரம் எவ்வளவு, எதுவுமே இல்லை. பிசியோதெரபி படிக்கிற என் தங்கை மகள் லீவுக்கு வந்தபோதுதான் கோணம் பார்க்கிற கருவியை முட்டியோரம் வைத்து முதல்முறையாக அளந்தாள். 75 டிகிரி. அப்போது எனக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. ஜாக்கெட் தைக்கிற நான் அளவு எடுக்காமல் துணியில் கத்தரிக்கோல் வைக்க மாட்டேன். ஆபரேஷனுக்கு முன்பு முட்டி எவ்வளவு மடங்கியது என்பதைப் பொறுத்துத்தான் பின்பு மடங்குவதும் பெரும்பாலும் அமையும் என்று சொல்கிறீர்கள். அப்படியென்றால் அந்த அளவை ஒரு வரி எழுதி வைப்பதில் என்ன கஷ்டம்?

75 டிகிரி என்றால் என்ன என்று நான் சொல்கிறேன். சமதரையில் நடக்க 65, 70 டிகிரி மடங்கினால் போதும். அதனால் ஆறாவது வாரம் உங்கள் வராண்டாவில் "நடந்து காட்டுங்கம்மா" என்றபோது நன்றாகவே நடந்தேன். "சூப்பர்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். படி ஏறி இறங்க 90-ஐ ஒட்டி வேண்டும். தாழ்வான நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அதற்கும் மேலே வேண்டும். வராண்டாவில் நடந்து காட்டுவதில் இது எதுவும் தெரியாது. விளம்பரத்துக்கு எடுக்கும் வீடியோவிலும் தெரியாது.

எனக்கு மெஷின்தான் பிரச்சினை. கால் மெஷினில் முக்காலி போட்டு உட்கார்ந்தால், மிதிப்பலகையில் பாதம் படிய முட்டி கிட்டத்தட்ட செங்கோணமாக மடங்க வேண்டும். எனக்கு மடங்காது. பாதம் பலகையைத் தாண்டி முன்னால் போய் நிற்கும். முக்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டால் பாதம் படிகிறது, ஆனால் ஊசி தூரமாகிவிடுகிறது. குனிந்து குனிந்து தைத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சரி, மோட்டார் மாட்டலாம் என்று மாட்டினேன். வலது காலால் அழுத்தினால் முட்டிக்குள் சுரீர் என்கிறது. பெடலை இடது காலுக்கு மாற்றி வைத்தேன். இத்தனை வருஷம் வலது கால் பழகின வேகம் இடது காலுக்கு வரவில்லை. நேர்த்தையல் பரவாயில்லை. ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றும்போது வளைவில் மெதுவாக விட வேண்டும், அங்கே மெஷின் ஓடிவிடுகிறது. பிரித்துப் பிரித்துத் தைக்கிறேன். அரை மணி நேரம் தைத்துவிட்டு எழுந்தால், அளவு குறைத்துத் தைத்த ஜாக்கெட் கையை முட்டியில் மாட்டிவிட்டது போல இறுகி நிற்கும். மெஷினைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று, காலை ஆட்டி ஆட்டிவிட்டுத்தான் அடி எடுத்து வைக்க முடியும். தீபாவளித் துணிகளை வாங்காமல் திருப்பி அனுப்பினேன். வருஷக்கணக்காக என்னிடம் தைத்தவர்கள், "அக்கா, கால் சரியானதும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். மறுபடி நடக்க மட்டும் நான் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. மறுபடி தைப்பதற்காகச் செய்துகொண்டேன். என்ன வேலை பார்க்கிறாய் என்று ஆபரேஷனுக்கு முன்னால் யாரும் கேட்கவில்லை.

தெரிந்திருந்தால் பயப்படாமல் இருந்திருக்கக்கூடியவையும் நிறைய. முட்டி மாதக்கணக்கில் சூடாகவும் வீங்கியும் இருக்கலாம் என்று சொல்லவில்லை. ராத்திரி தொட்டுப் பார்த்து, சீழ் பிடித்துவிட்டதோ என்று எத்தனை முறை விளக்கைப் போட்டேன். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப் போவது, அங்கே ஓடும் சின்ன நரம்பு வெட்டுப்படுவதால் வருவது என்று தங்கை மகள்தான் சொன்னாள். நடக்கும்போது டக் டக் என்று கேட்பது, உலோகமும் பிளாஸ்டிக்கும் உரசுவதால் பலருக்கும் வருவதுதான். இதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் ஆகாதா? அதே தாளில், காய்ச்சல் வந்தாலோ, தழும்பில் நீர் கசிந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே வா என்றும் போடலாம். முட்டிக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்காதே என்றும் போடலாம். வீட்டில் இருப்பவர்கள் பாசத்தில் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். அப்படியே படுத்துப் படுத்துக் கால் நேராக நீளாமல் போய்விடுகிறது. எனக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது.

அப்புறம், "எக்ஸ்ரே நல்லா இருக்கு" என்கிற அந்த ஒரு வாக்கியம். அதைக் கேட்டு வலி குறைந்தவர் யாராவது உண்டா? வெளியே தெரியாமல் உள்ளே மெதுவாக வளரும் கிருமித் தொற்று இருக்கலாம். அதற்கு இஎஸ்ஆர், சிஆர்பி என்று ரத்தப் பரிசோதனை இருக்கிறது, மூட்டு நீரை எடுத்துப் பார்ப்பதும் இருக்கிறது. வைத்த மூட்டு கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருக்கலாம், அது சாதாரண எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, சிடி ஸ்கேன் வேண்டும். முட்டிச் சில்லு இழுபடலாம். இடுப்பு மூட்டிலோ முதுகிலோ கோளாறு இருந்து வலி முட்டியில் காட்டலாம். நரம்பு வலியாக இருக்கலாம், அதற்கு மாத்திரையே வேறு. இவ்வளவையும் படித்தவர்கள் நீங்கள். எங்களிடம் மட்டும் ஏன் எக்ஸ்ரேயோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்? நாங்கள் வலி பொறுக்காமல் மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அப்புறம் நீங்களே திட்டுகிறீர்கள். "உங்களுக்கு மனசுல பயம், அதான்" என்று என்னிடம் ஒருவர் சொன்னார். பயம் இருந்தது உண்மைதான். வலியும் உண்மைதான்.

இப்படி வலியோடு மிஞ்சுவது அபூர்வமும் இல்லை. பல நாடுகளில் செய்த ஆய்வுகளில், முட்டி மாற்றிக்கொண்டவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல், சிலவற்றில் ஐந்தில் ஒருவருக்கு, நாள்பட்ட வலி தங்கிவிடுகிறது என்று வந்திருக்கிறது. திருச்சியிலிருந்து மதுரை வரும் நாற்கரச் சாலையில் 'வலியில்லா வாழ்க்கை', 'அன்றே நடக்கலாம்' என்று வரிசையாகப் பலகை வைத்திருக்கிறீர்களே, அந்த ஐந்தாவது ஆளுக்கு அங்கே ஒரு வரி இடம் இல்லையா? எல்லாருக்கும் சரியாகிவிட்டது, எனக்கு மட்டும்தான் ஏதோ குறை என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். எக்சர்சைஸ் ஒழுங்காகச் செய்திருக்க மாட்டாய் என்று சொந்தக்காரர்கள் சொன்னதையும் நம்பினேன். அந்தப் பழியை எங்கள் தலையில் இறக்கிவிட்டு நீங்கள் அடுத்த ஆபரேஷனுக்குப் போய்விடுகிறீர்கள்.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. கோபால்ட் குரோமியம் என்கிற உலோகத்தில் செய்த முட்டி மூட்டுக்கு அப்போது 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. நல்ல காரியம், எங்களைப் போன்றவர்களும் ஆபரேஷனை நினைத்துப் பார்க்க முடிந்தது. ஆனால் உலோகத்துக்கு விலை வைத்தார்கள், அதை வைத்த பிறகு அந்தக் காலை யார் பார்ப்பது என்பது அப்படியே நின்றுவிட்டது. பேக்கேஜ் என்று பேசுகிறீர்கள். அறை வாடகை, சாப்பாடு, வாக்கர் எல்லாம் அதில் அடக்கம். தையல் பிரித்ததும் பேக்கேஜ் முடிந்துவிடுகிறது. முட்டி இறுகுவதே அதற்குப் பிறகுதான். மடக்கிப் பழக வேண்டிய அந்த வாரங்களில், பிசியோதெரபிக்குப் பஸ் படியேறிப் போய்த் திரும்பினால் கால் இன்னும் வீங்கிவிடுகிறது, மறுநாள் மடக்கவே முடிவதில்லை. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பது 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருக்கிறது. இப்படி ஒன்று இருக்கிறது, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பதிவு செய்யுங்கள் என்று டிஸ்சார்ஜ் நாளில் ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்குக் காசு செலவாகாது.

கோபத்தில் கொஞ்சம் நீளமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது மூன்றாவது மாதத்தைப் பற்றி.

அது நடக்காத காரியம் என்று சொல்ல மாட்டீர்கள் என நினைக்கிறேன். பிரிட்டனில் எட்டு மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்து 2022-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். தங்கை மகள்தான் படித்துச் சொன்னாள். முட்டி மாற்றியவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் கேள்வித்தாள் அனுப்பி, வலி குறையாதவர்களைத் தேடி எடுத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, காலைச் சோதித்து, வலி எதனால் என்று பிரித்துப் பார்த்து, அதற்கேற்ற இடத்துக்கு அனுப்பியிருக்கிறார். அப்புறம் போனில் தொடர்ந்து விசாரித்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல விடப்பட்டவர்களைவிட இவர்களுக்கு வலி குறைவு. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. கூப்பிட்டுப் பார்த்ததும் விசாரித்ததும்தான்.

உங்களில் ஒவ்வொருவரும் அவ்வளவு நேரம் ஒதுக்க முடியாது என்பது புரிகிறது. வெளியே காத்திருக்கிற கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். நீங்களே பார்க்க வேண்டும் என்றில்லை, உங்களிடம் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும். முட்டியை மடக்கி நீட்டி அளந்து, ராத்திரி தூக்கம் வருகிறதா, என்ன வேலை செய்ய முடியவில்லை என்று கேட்டு எழுதட்டும். 90 டிகிரி எட்டாதவர்களை அன்றைக்கே உங்களிடம் அனுப்பட்டும். மயக்கம் கொடுத்து மடக்குவதற்கு அந்த நேரம்தான் தோது, தள்ளிப் போகப் போகப் பலன் குறையும், பிறகு தழும்பை வெட்டி எடுக்க மறுபடி ஆபரேஷன் என்கிறார்கள். என்னிடம் இப்போது அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். செய்வதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு எடுக்கவில்லை.

எனக்கு நேரம் போய்விட்டது. என் தெருவில் ஓர் அம்மாவுக்கு அடுத்த மாதம் இடது முட்டிக்கு ஆபரேஷன் முடிவாகியிருக்கிறது. அவர்கள் பூக்கட்டி விற்பவர், தரையில் உட்கார்ந்து எழ வேண்டியவர். எந்த மருத்துவமனை நல்லது என்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். உங்களில் யார், மூன்றாவது மாதம் நாங்களே கூப்பிட்டுப் பார்ப்போம், அளவை ஃபைலில் எழுதுவோம் என்று சொல்கிறீர்களோ, தயவுசெய்து அதை எல்லாருக்கும் தெரியும்படி சொல்லுங்கள். அவர்களை அங்கே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
முட்டி மாற்றிக்கொண்ட ஒரு தையல்காரி,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்