புகையானுக்கு இரண்டு வைத்தியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேளாண் ஆராய்ச்சி, கல்வி, விரிவாக்கம் (ஆராய்ச்சியின் பலனை விவசாயியிடம் கொண்டுசேர்க்கும் வேலை) மூன்றையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவர வேண்டும் என்ற யோசனையை நான் பாதிதான் ஏற்கிறேன். 1971இல் தொடங்கிய கோவை வேளாண் பல்கலைக்கழகம் பாடமும் நடத்துகிறது, புது ரகமும் வெளியிடுகிறது. அதை வயலுக்குக் கொண்டுவருவதோ வேளாண்மைத் துறை. நடுவில் விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையங்கள் வேறு. (நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில், இதே பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் வந்தது.)

என் சம்பா நெல்லில் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி விழுந்தபோது ஓர் அலுவலகத்தில் மருந்து எழுதித் தந்தார்கள். இன்னோர் இடத்தில் முதலில் தண்ணீரை வடியுங்கள் என்றார்கள். வடித்த பிறகுதான் பயிர் தேறியது. இந்தக் குழப்பத்துக்கு இணைப்பு உதவும்.

ஆனால் எங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலருக்கு மானியப் பட்டியல் எழுதவே பொழுது போதவில்லை. பெயர்ப்பலகையை மாற்றினால் அவர் வரப்பில் இறங்கிவிடுவாரா? அந்தக் காகித வேலைக்கு முதலில் வேறு ஆள் போடட்டும்.

நெல் விவசாயி,
மயிலாடுதுறை மாவட்டம்.