தமிழில் ஒரு பகிர்வுக் குழு: மறுவாழ்வு மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவில் குடி, போதை மறுவாழ்வு மையங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் துறையினருக்கும் வணக்கம்.

என் தம்பி தங்கியிருக்கும் மையத்திலிருந்து சென்ற மாதம் ஓர் அறிக்கை வந்தது. தங்கியிருப்போர் தங்கள் குடிக்கதையை மனம் விட்டுச் சொல்லும் பகிர்வுக் கூட்டங்களில் அவன் வாய் திறப்பதில்லை, ஆகவே திருந்தும் எண்ணம் அவனிடம் தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்தக் கூட்டங்கள் முழுவதும் மலாயில் நடக்கின்றன என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

அவனுக்கு மலாய் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்போடு நின்றுவிட்டவன் அவன். லாரி ஓட்டவும், சாமான் வாங்கவும், போலீஸ்காரருக்குப் பதில் சொல்லவும் போதுமான மலாய் அவனிடம் உண்டு. ஆனால், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வேளையில் அவருடைய தாலிக்கொடியை அடகுக்கடையில் வைத்துவிட்டுச் சம்சு என்ற மலிவுச் சாராயத்தை வாங்கிக் குடித்ததை, முன்பின் அறியாதவர்கள் நடுவில் எழுந்து நின்று சொல்ல அந்த மலாய் போதாது. தன் முறை வரும்போது ‘சாயா ஓகே’ (நான் நன்றாகத்தான் இருக்கிறேன்) என்று மலாயில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். அதைத்தான் ஒத்துழையாமை என்று பதிந்திருக்கிறார்கள். இந்தியர்களுக்கே கூச்சம் அதிகம் என்று ஓர் அலுவலர் எனக்கு அன்போடு விளக்கமும் அளித்தார்.

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தங்களுக்குள் மனம் விட்டுப் பேசியதிலிருந்து பிறந்தது இந்தப் பகிர்வுக் கூட்ட முறை. தன்னைப் போன்ற ஒருவன் எதிரே இருந்தால்தான் வாய் திறக்கும் என்பதே அதன் அடிப்படை. அங்கும் வெள்ளையர் கூட்டங்களில் இடம் கிடைக்காத கறுப்பினத்தவர் 1945இல் செயின்ட் லூயிஸ், வாஷிங்டன் நகரங்களில் தங்களுக்கெனக் குழுக்களைத் தொடங்கினார்கள். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான்: தமிழ் பேசுவோர் தங்கியுள்ள ஒவ்வொரு மையத்திலும் தமிழில் ஒரு பகிர்வுக் குழு வேண்டும், குடியிலிருந்து மீண்ட தமிழர் ஒருவர் அதைச் சம்பளத்தோடு நடத்த வேண்டும். மீண்டவர்களைத் தீபாவளி விருந்தில் மேடையேற்றி மாலை போடுகிறீர்கள். வேலை என்று வந்தால் சான்றிதழ் கேட்கிறீர்கள்.

ஆள்கணக்கு போதாது என்பீர்கள். நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர்களாகிய நாங்கள் 7 விழுக்காட்டுக்கும் குறைவுதான். மையத்தின் சாப்பாட்டு மேசைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் அப்படித் தோன்றாது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து எங்கள் பாட்டன்மாருக்கு ஊற்றிக் கொடுத்த காலத்தில் மொழி யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தோட்டத் தமிழர்களின் தொண்டர் படையினர் அந்தக் கடைகளை மூடச் சொல்லிப் போராடியபோது, காலனி அரசு போலீஸைத்தான் அனுப்பியது. விற்பதற்கு எங்களைத் தேடி வந்தார்கள். மீட்பதற்கு மட்டும் நாங்கள் மொழி கற்றுக்கொண்டு வர வேண்டுமாம்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளுங்கள். அடுத்த நிதி ஒதுக்கீட்டுக்கு முன்பாகத் தமிழ்க் குழுவுக்கும் அதை நடத்துபவரின் சம்பளத்துக்கும் வழி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரையில், பேசாதிருப்பதை மட்டும் வைத்து எவரையும் திருந்தாதவர் என்று எழுத வேண்டாம். பதிலைத் தமிழில்தான் தர வேண்டும் என்பதில்லை. மலாயிலேயே அனுப்புங்கள், நான் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
கிள்ளானிலிருந்து ஓர் அண்ணன்