சிவப்பழகும் சிவந்த கன்னமும்

ஐயா,

தங்கள் ஞாயிறு இணைப்பில் முகப்பூச்சு, சீரம் வகையறாக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விளம்பரத்தை நம்பி ஏமாறாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், சரி. ஏமாந்தவர்கள் அப்புறம் எங்கே போகிறார்கள் என்பதை எழுதவில்லை. மருந்துக் கடைக்கு வருகிறார்கள். கடலூர் முதுநகரில் 26 வருடமாகக் கடை வைத்திருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

போன மாதம் துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர் வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ட்யூபை எடுத்து மேஜையில் வைத்தார். பற்பசையைச் சுருட்டுவதுபோல் வாலிலிருந்து சுருட்டி, கடைசிச் சொட்டு வரை பிதுக்கியிருந்தது. "இதே மாதிரி ஒண்ணு குடுண்ணே." பின்னால் அவருடைய மகள், துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு. விலக்கச் சொன்னேன். இரண்டு கன்னமும் செக்கச்செவேல் என்றிருந்தன. அதில் நூல் நூலாக ரத்தக் குழாய்கள், தாடையோரம் பூனைமுடி. "அடுப்புகிட்ட நின்னாலே எரியுது மாமா" என்றாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று போட ஆரம்பித்தது, எட்டு மாதமாகிறது. வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போயாயிற்று, கிரீமைத்தான் விட முடியவில்லை. நிறுத்தினால் சில நாளிலேயே முகம் சிவந்து பரு கொட்டுகிறதாம்.

ட்யூபில் இருந்தவை ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாய்ன், மொமெட்டசோன். மங்குக்காகத் தோல் டாக்டர்கள் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் சேர்க்கை இது. இதில் மூன்றாவதாக உள்ள மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. தோலிலுள்ள ரத்தக் குழாய்களை அது சுருக்கிவிடுவதால் சீக்கிரமே முகம் வெளுத்தாற்போல் தெரியும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, வெயிலும் சூடும் தாங்காமல் போய்விடும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஆணை போட்டது. அதற்கு முன்னால் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன், மறைப்பானேன்.

இந்த ட்யூபைத் தேடி வர வைப்பது அழகு சாதன விளம்பரம்தான். 1940-ஆம் வருட மருந்து, அழகு சாதனச் சட்டப்படி அழகு சாதனம் என்பது சுத்தம் செய்ய, அழகூட்ட, தோற்றத்தை மாற்ற. நோயைத் தீர்ப்பது மருந்தின் வேலை. அதனால்தான் விளம்பரத்தில் பெரும்பாலும் 'சுருக்கங்களைப் போக்கும்' என்று வராது, 'சுருக்கங்களின் தோற்றத்தைக் குறைக்கும்' என்று வரும். அந்தத் 'தோற்றம்' வக்கீலைக் கேட்டுப் போட்ட சொல் என்று எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம்.

1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. முதுநகரில் இன்னமும் பழைய பேரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அதில் வேலை செய்யும் சரக்குகளில் முக்கியமானது நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3. அதே நியாசினமைடு இப்போது சொட்டுக் குழாய் வைத்த கண்ணாடி பாட்டிலில் '10 சதவீதம்' என்று கொட்டை எழுத்தோடு வருகிறது, விலை பல மடங்கு. ஆய்வுகளில் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம்தான் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நிறமி மேல்தோலுக்கு ஏறுவதை அது கொஞ்சம் தடுக்கும். கொஞ்சம்தான், அதுவும் வாரக்கணக்கில் பொறுத்திருந்தால். பெண் பார்க்க வருபவர்கள் வாரக்கணக்கில் பொறுப்பார்களா? அந்த இடத்தில்தான் ஸ்டீராய்டு ட்யூப் நுழைகிறது.

வெயில் தாங்காத அந்த மகளுக்குச் சன்ஸ்கிரீன் உதவும். ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், அதாவது வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. முகம், கழுத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு வேளைக்கு ஒரு கிராமுக்கு மேல் வேண்டும். 50 கிராம் ட்யூப் நாற்பது நாள் வந்தால் பெரிது. "ஒண்ணு வாங்கினா ஆறு மாசம் வருது சார்" என்று சொல்லும் வாடிக்கையாளர்கள் எனக்கு நிறைய உண்டு. மீன் கூடைக்காரருக்கு இது கட்டுப்படியாகுமா? முக்காடும் தொப்பியும் போடச் சொன்னேன். ட்யூபைக் கொடுக்கவில்லை, மகளைப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். அந்த அம்மா கோபமாகத்தான் போனார். வேறு கடையில் கிடைக்காமலா போயிருக்கும்?

தங்கள் கட்டுரைக்கு நேர் கீழேயே கால் பக்கத்துக்கு ஒரு 'ஏழே நாளில் பளபளப்பு' விளம்பரம் இருந்தது. அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், பத்திரிகை நடத்தும் கஷ்டம் உங்களுக்கு. அதில் பாதி இடத்தில், மேலே சொன்ன மூன்று மருந்துப் பெயர்களையும் தமிழில், பெரிய எழுத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். ட்யூபில் அவை ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சாகியிருக்கின்றன. நீங்கள் போடும் பக்கத்தை வெட்டி என் கடை கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.