அலமாரியைக் காலி செய்யும் முன்

ஆசிரியருக்கு,

பருவம் மாறும்போது உடை அலமாரியை ஒழுங்குபடுத்துவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஓராண்டாக உடுத்தாததை எல்லாம் கழித்துவிடலாம் என்ற யோசனையைத் தையல்காரியான என்னால் ஏற்க முடியவில்லை. என்னிடம் வரும் பழைய உடைகளில் பல, ஒரு பொத்தான் விழுந்ததாலோ இடுப்பு இறுகியதாலோ ஒதுக்கப்பட்டவை. தையலுக்குள் விட்டிருக்கும் துணியைப் பாருங்கள். அரை அங்குலம் இருந்தாலே பிரித்துத் தளர்த்தலாம். துணியே இற்றுப்போயிருந்தால் சரி, துடைப்பதற்கு வெட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், அடுத்த பருவத்துக்கு எடுத்து வைப்பவற்றைத் துவைக்காமல் வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் மாதங்கள் கழித்து மஞ்சள் கறையாகத் தெரியும். கம்பளியையும் பட்டையும் அரிக்கும் அந்துப்பூச்சிப் புழுக்களுக்கும் அந்த அழுக்குப் பிடிக்கும். நன்றாக உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை வந்துவிடும். கனமான பின்னலாடைகளை மடித்தே வைக்க வேண்டும். தொங்கவிட்டால் தோள் இழுபட்டுத் தொய்ந்துவிடும்.

பாலியெஸ்டர் உடைகளைக் குப்பையில் போடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம். அதுவும் பிளாஸ்டிக்தான், எளிதில் மக்காது. வேறொருவர் அணியும் நிலையில் இருந்தால், துவைத்து, பொத்தான் தைத்துக் கொடுங்கள். அடுத்த கட்டுரையில் இதையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் வாசகி